மொட்டை மாடியில் இரண்டு மீட்டர் வெர்ட்டிகல் ஆன்டெனா

ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் கையில் இருக்கிறது, இரண்டு மீட்டர் அலைவரிசை எனப்படும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸில் பேச வேண்டும் என்றால் கால் அலைநீள வெர்ட்டிகல் (செங்குத்து ஆன்டெனா) ஒன்றை அரை நாளில் செய்துவிடலாம். கம்பி அளவைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுவார்கள். ஆனால் பின்னால் தொல்லை கொடுப்பது பெரும்பாலும் கேபிளும் அதன் மூட்டில் இறங்கும் தண்ணீரும்தான்.

கேபிள் பிளக்கை மாட்ட, நான்கு ஓட்டை உள்ள எஸ்ஓ-239 சாக்கெட் ஒன்று வாங்குங்கள். நடுவில் டெஃப்லான் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். மலிவான பிளாஸ்டிக் ஈயம் வைக்கும்போதே உருகி, நடு முனை சாய்ந்துவிடும். இரண்டரை மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி காஸ் வெல்டிங் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். 55 சென்டிமீட்டர் துண்டுகள் ஐந்து போதும்.

ஒன்றை நடு முனையில் செங்குத்தாக வைத்து ஈயம் பிடியுங்கள். 25 வாட் சால்டரிங் இரும்புக்குச் சூடு பத்தாது, 60 வாட் வேண்டும். சாக்கெட்டுக்கு மேலே 52 சென்டிமீட்டர் நிற்கட்டும். மற்ற நான்கும் ரேடியல்கள், அதாவது ஆன்டெனாவுக்குத் தரையாக நிற்கும் கம்பிகள். ஒவ்வொன்றின் முனையையும் வளையமாக வளைத்து, 3 மில்லிமீட்டர் ஸ்க்ரூவால் மூலைக்கு ஒன்றாக முடுக்கி, 52 சென்டிமீட்டரில் வெட்டி, 45 டிகிரி கீழே சாயுங்கள். படுக்கைவாக்கில் விட்டால் மின்மறுப்பு (இம்பிடன்ஸ்) சுமார் 36 ஓம்தான், எஸ்.டபிள்யூ.ஆர். (சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.4-க்குக் கீழே இறங்காது. சாய்த்தால், ரேடியோவும் கேபிளும் எதிர்பார்க்கும் 50 ஓமை ஒட்டி வரும்.

எல் வடிவ அலுமினியப் பட்டையில் சாக்கெட்டைப் பொருத்தி, யூ கிளாம்பால் பத்தடி ஜிஐ குழாயின் உச்சியில் மாட்டுங்கள். குழாய் இரண்டு ரேடியல்களுக்கு நடுவே வரட்டும். குழாயைக் கைப்பிடிச் சுவரில் இரண்டு இடத்தில் பிடிக்க வேண்டும். அடுத்த மாடிக்காக விட்டுவைத்த தூண் கம்பிகள் பக்கத்தில் இருந்தால் ஆன்டெனா அவற்றுக்கு மேலே ஒன்றரை மீட்டராவது உயர்ந்து நிற்கட்டும். குழாய் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடமா என்று முதலிலேயே பாருங்கள். இதில் சமரசம் கிடையாது.

இனி அளவு. 144, 145, 146 மூன்றிலும் எஸ்.டபிள்யூ.ஆர். பாருங்கள். 144-இல்தான் மிகக் குறைவு என்றால் செங்குத்துக் கம்பி நீளம் கூடுதல் என்று அர்த்தம். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாதீர்கள். அதிலேயே ஏறக்குறைய ஒரு மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். 49 சென்டிமீட்டர் அருகில் நிற்கும். கேபிளைக் கையில் பிடித்ததும் அளவு மாறினால் ரேடியல் ஸ்க்ரூக்களைத்தான் முதலில் சந்தேகியுங்கள்.

மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் பதினைந்து மீட்டர் போட்டால், ரேடியோ தரும் ஐந்து வாட்டில் பாதிதான் மேலே போய்ச் சேரும். தடித்த ஆர்ஜி-213 என்றால் மூன்றரை வாட்டுக்கு மேல் கிடைக்கும். கேபிள் மூட்டுக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மட்டும் நம்பாதீர்கள், சித்திரை வெயிலில் பசை வழிந்துவிடும். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்து, ஓலை வேய்வதுபோல் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். சாக்கெட்டின் மேல்பக்கத்துக்குச் சிலிக்கான் வைக்கலாம், ஆனால் வினிகர் வாடை அடிப்பது வேண்டாம். அது செம்பை அரிக்கும். ஜன்னலுக்குள் நுழையும் முன் கேபிள் ஒரு வளைவு தொங்கட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

குழாயைத் தடித்த செம்புக் கம்பியால் எர்த் செய்து, அந்த எர்த்தை வீட்டு எர்த்தோடும் இணைத்துவிடுங்கள். இடி முழங்குவதற்கு முன்பே கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். முன்பு 1.5 காட்டிய இடத்திலும் இப்போது 1.1 என்றால் சந்தோஷப்பட வேண்டாம். கேபிளுக்குள் தண்ணீர் போய், திரும்பி வரும் சக்தியை அதுவே விழுங்குகிறது. பிளக்கைக் கழற்றி ஓரங்குலம் உரித்தால் செம்புப் பின்னல் கறுத்திருக்கும்.