சிறகைப் பார்த்ததும் ‘தேவதை’ என்று எழுதிவிடாதீர்கள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர் வாசகசாலையில் பழைய அரசியல் கார்ட்டூன்களைப் படியெடுத்துச் சுவர் முழுக்க ஒட்டி ஒரு கண்காட்சி வைத்தோம். எல்லை ஊர் என்பதால் ஒவ்வொரு படத்துக்கும் தமிழிலும் மலையாளத்திலும் குறிப்பு வேண்டும். எழுதும் வேலை எனக்கு. சிறகு முளைத்த உருவம் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் தமிழில் ‘தேவதை’, மலையாளத்தில் ‘மாலாகா’ என்று எழுதிக்கொண்டே போனேன். மறுநாள் சாயங்காலம் மாதா கோயிலில் ஜெபமாலை முடித்து வந்த ஒரு பாட்டி ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டார். “மாஷே, இவர் மிக்கேல் சம்மனசு. இவரைப் போய்த் தேவதை என்று எழுதியிருக்கிறீர்களே? அது கிடக்கட்டும், தீ எரியும் வாளோடு யார்மேல் பாயப் போகிறார்?” என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அன்று இரவே குறிப்புகளை எல்லாம் உரித்தெடுத்துவிட்டு மீண்டும் எழுத உட்கார்ந்தேன். அப்போது பிடிபட்ட தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். பிள்ளைகளுக்குப் பழைய படங்களை விளக்குகிறவர்கள் பலரும் இவற்றில் விழுகிறார்கள்.

முதல் வழுக்கல் சொல்லிலேயே இருக்கிறது. கிறிஸ்தவ மரபின் சிறகுள்ள உருவம் ஒரு தூதர். கடவுள் அனுப்பி வருகிறவர். கத்தோலிக்கர் நாவில் சம்மனசு, இன்றைய எழுத்தில் வானதூதர். இஸ்லாமியர் மலக்கு என்பார்கள். மலையாளத்தின் மாலாகா சிரியாக் மொழியிலிருந்து வந்தது; மலக்கும் மாலாகாவும் ஒரே வேரில் பிறந்தவை, தூது என்பதுதான் அந்த வேரின் பொருள். தேவதை வேறு. எல்லைத் தேவதையை யாரும் அனுப்பிவைப்பதில்லை, ஊர் அவளுடையது. அவள் காப்பாள், கோபித்தால் வாட்டுவாள். துர்தேவதை என்றும் ஒரு சொல் வைத்திருக்கிறோமே, அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தின் முதல் கார்ட்டூன் என்று சொல்லப்படுவது 1919இல் கொல்லத்து ‘விதூஷகன்’ இதழில் வந்தது. அதன் தலைப்பு ‘மகாக்ஷாமதேவதா’. பஞ்சமே அங்கே தேவதை. அந்தத் தலைப்பைப் படித்துவிட்டு வெள்ளை உடையும் இறகுச் சிறகுமாக ஓர் உருவத்தை எதிர்பார்த்தால், பசியைப் பற்றிப் பேச வந்த படம் நம்மிடம் பேசாமலே போய்விடும்.

அடுத்தது, சிறகைப் பார்த்த கண் கைக்குப் போகாமல் நின்றுவிடுவது. ஐரோப்பியக் கார்ட்டூன்களில் பறக்கும் உருவங்களில் பெரும்பங்கு பைபிளிலிருந்து வந்தவையே அல்ல. கிரேக்க, ரோமானியக் கதைகளிலிருந்து வந்தவை. வெற்றி மாலையை நீட்டும் சிறகுள்ள பெண் வெற்றித் தெய்வம். எக்காளம் ஊதுகிறவள் புகழ். அரிவாளும் மணற்கடிகாரமும் ஏந்திய சிறகுக் கிழவர் காலம். தொப்பியிலும் செருப்பிலும் குட்டிச் சிறகு இருந்தால் ரோமானியரின் வணிகத் தெய்வம் மெர்க்குரி. வணிகத்தைப் பற்றிய கார்ட்டூனாக இருக்கும். வில்லோடு நிற்கும் குழந்தை காதல் தெய்வம் க்யூபிட் என்று சொல்லவே வேண்டாம்.

ஆனால் இதையும் வாய்ப்பாடாக்கிவிடக் கூடாது. இங்கிலாந்தில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சில்வியா பாங்க்ஹர்ஸ்ட் தம் இயக்கத்துக்கு வரைந்து கொடுத்த சின்னத்தில் சிறகுள்ள ஒருத்தி எக்காளம் ஊதுகிறாள். அவளை அவர்கள் அழைத்ததே விடுதலையின் வானதூதர் என்றுதான். அந்த உருவத்தைத் தேநீர்க் கோப்பைகளிலும் அச்சிட்டார்கள். படைத்தவர்கள் பெயர் சூட்டியிருக்கும்போது அந்தப் பெயர்தான் செல்லும்.

நம் கண்ணுக்கு மட்டும் வரும் ஒரு தடுமாற்றமும் உண்டு. நம் கோயில் சிற்பங்களில் கந்தர்வர்கள் சிறகில்லாமலே பறக்கிறார்கள், காலை மடக்கிய விதத்திலேயே அது தெரிந்துவிடும். அதனால் வானில் மிதக்கும் எந்தப் பெண்ணையும் தெய்வ உலகத்தில் சேர்த்துவிடுகிறோம். 1915இல் அமெரிக்காவின் ‘பக்’ இதழில் ஹென்றி மேயர் வரைந்த படத்தில் ஒருத்தி தீப்பந்தம் ஏந்தி மேற்கிலிருந்து கிழக்காக நாட்டின் வரைபடத்தின்மேல் நடந்து வருகிறாள். அவள் வானதூதரும் இல்லை, தேவியும் இல்லை. பெண்களுக்கு வாக்குரிமை தந்துவிட்ட மேற்கு மாநிலங்களிலிருந்து இன்னும் தராத கிழக்குக்கு வரும் சுதந்திரம் அவள். தலையைச் சுற்றிய ஒளிவட்டமும் இப்படித்தான் ஏமாற்றும். ஜஹாங்கீரின் ஓவியங்களில் அது பேரரசரின் தலைக்குப் பின்னால் இருக்கிறது. 1905இல் அவனீந்திரநாத் தாகூர் வரைந்த பாரத மாதாவுக்கும் இருக்கிறது. சிறகு இல்லை, கைகள் நான்கு.

சிறகு இருந்தாலும் எந்த உயிரின் சிறகு என்று பார்க்க வேண்டும். 1872இல் அமெரிக்கக் கார்ட்டூன் ஓவியர் தாமஸ் நாஸ்ட் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ இதழில் வரைந்த விக்டோரியா வுட்ஹல்லுக்குச் சிறகும் உண்டு, கொம்பும் உண்டு. இறகைத் தேடினால் கிடைக்காது. எலும்புக் குச்சிகளுக்கிடையே தோல் விரிந்த வௌவால் சிறகு. கையில் ‘கட்டற்ற காதலால் மீட்சி பெறுங்கள்’ என்று ஒரு பலகை. திருமணச் சட்டத்துக்குக் கட்டுப்படாத காதல் என்று பொருள். பின்னால் குடிகாரக் கணவனையும் பிள்ளைகளையும் முதுகில் சுமந்து கரடுமுரடான பாதையில் ஏறும் ஒரு பெண். அந்த ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றவர் வுட்ஹல். இந்தப் படத்தை வைத்து அவர் எப்படிப்பட்டவர் என்று தீர்ப்புச் சொல்லவே கூடாது. நாஸ்டும் அவருடைய வாசகர்களும் எதற்கு அஞ்சினார்கள் என்பதற்குத்தான் அது சாட்சி.

மேகமும் யாழும் வந்தாலே புகழ்ச்சி என்று நினைப்பது இன்னொரு பிழை. ஆங்கிலேயக் கார்ட்டூன் ஓவியர் கில்ரே 1798இல் பிரெஞ்சுத் தளபதி ஓஷ் விண்ணுலகம் ஏறுவதை வரைந்தார். முந்தைய ஆண்டு இறந்துபோனவர்; அயர்லாந்தில் படையிறக்க முயன்றவர் என்பதால் ஆங்கிலேயருக்கு அவர்மேல் ஆத்திரம். ஓஷ் வானவில்மேல் உட்கார்ந்து யாழ் மீட்டுகிறார். கிட்டே போய்ப் பாருங்கள். அந்த யாழ் ஒரு கில்லட்டின், தலை வெட்டும் பொறி. தூரத்தில் நின்று பார்த்தால் அஞ்சலிப் படம் போலவே இருக்கும். அதனால்தான் இத்தகைய படங்களைச் சின்னதாக அச்சிடாதீர்கள், தலைப்பை வெட்டி எறியாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

இனி பாட்டி கேட்ட படம். 1895இல் ஜெர்மனியின் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் தாமே ஒரு கோட்டோவியம் போட்டு, ஹெர்மன் க்னாக்ஃபுஸ் என்ற ஓவியரிடம் முழுப்படமாக வரையச் சொன்னார். அச்சுப்படிகள் மற்ற நாடுகளுக்குப் போயின. ரஷ்யாவின் இரண்டாம் நிக்கோலஸுக்கும் ஒன்று அனுப்பினார். பாறை உச்சியில் மிக்கேல் நிற்கிறார், தீ எரியும் வாளோடு கீழ்த்திசையைக் காட்டுகிறார். மேலே சிலுவை ஒளிவிடுகிறது. பக்கத்தில் ஆயுதம் தாங்கிய பெண்கள், ஒவ்வொருத்தியும் ஐரோப்பாவின் ஒரு நாடு. பிரிட்டனைக் குறிக்கும் பிரிட்டானியா தயங்கி நிற்க, ஆஸ்திரியா அவள் கையைப் பற்றி அழைக்கிறாள். தூரத்தில் கருமேகமும் நெருப்பும். அந்த நெருப்பின் நடுவே பறவைநாகத்தின்மேல், அதாவது டிராகன்மேல், சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவர் புத்தர்.

நம் ஊர்க் கோயில்களில் மிக்கேலின் காலடியில் கிடப்பது சாத்தான். அவர் கெட்டதைக் குத்துகிறவர் என்பது குழந்தைக்கும் தெரியும். அந்த நம்பிக்கையை அப்படியே எடுத்து, சாத்தானின் இடத்தில் ஆசியாவை வைத்திருக்கிறார் பேரரசர். ‘மஞ்சள் அபாயம்’ என்று அன்று ஐரோப்பாவில் பேசப்பட்ட வெறுப்புக்கு இதைவிட வலுவான படம் கிடையாது. ‘வானதூதர் ஐரோப்பாவைக் காக்கிறார்’ என்று மட்டும் குறிப்பு எழுதினால் நாமும் அந்தப் பாறைமேல் ஏறி நின்றுகொள்கிறோம். வானதூதர் என்றால் நல்லவர் பக்கம் என்று படிப்பதுதான் எல்லாத் தவறுகளிலும் பெரியது என்பேன். 1857இல் சிப்பாய்க் கலகத்தின்போது இங்கிலாந்தின் ‘பஞ்ச்’ இதழில் டென்னியல் வரைந்த நீதிதேவியும் இதே சாதிதான். வாளை ஓங்கிச் சிப்பாய்களை வெட்டிச் சாய்க்கிறாள். ஓரத்தில் இந்தியப் பெண்கள் பிள்ளைகளோடு ஒடுங்கிக் கிடக்கிறார்கள். படத்தின் பெயர் ‘நீதி’. ஓரத்தில் இருப்பவர்களை முதலில் பார்த்துவிட்டு நடுவுக்கு வாருங்கள் என்று பிள்ளைகளிடம் இப்போது சொல்கிறேன்.

புதுக் குறிப்பில் ஓவியர் பெயர், வரையச் சொன்னவர் பெயர், ஆண்டு, மிக்கேல் கை காட்டும் திசை எல்லாவற்றையும் எழுதினேன். தமிழில் ‘மிக்கேல் அதிதூதர்’. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாட்டி பேத்தியோடு வந்தார். பேத்தி உரக்கப் படித்தாள். பாட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, படத்தின் தூரத்து மூலையில், நெருப்புக்குள் உட்கார்ந்திருந்த அந்தச் சின்ன உருவத்தின்மேல் விரலை வைத்தார்.

“இவர்மேலா?” என்றார்.