பிலிப்பைன்ஸ் கைவினைப் பொருள்கள்: வாங்கும்போதும் எழுதும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணிலா போய் வருகிறவர்களின் பெட்டியில் ஒரு பின்னல் பையோ, சிப்பி விளக்கோ, வரி போட்ட மேசைத் துணியோ கட்டாயம் இருக்கும். எங்கே செய்தது, எதில் செய்தது, யார் செய்தது என்று கேட்காமலேயே அதை வாங்குகிறோம். பிறகு படம் எடுத்துப் போட்டு 'பிலிப்பைன்ஸ் கைவினை' என்று நாலு வரி எழுதுகிறோம். கண்ணுக்குத் தெரிகிற பொருளை மட்டும் பார்த்து, அதற்குள் இருக்கும் வேலையைப் பார்க்காமல் விடுவதுதான் இதில் நடக்கும் எல்லாத் தவறுகளுக்கும் வேர்.

ஊரைக் கேட்காமல் விடுவது

பிலிப்பைன்ஸ் 7,641 தீவுகள் கொண்ட நாடு. பேசும் மொழிகளே நூற்றுக்கு மேல். வடக்கே லுசோன் மலைகளில் இஃபுகாவ் மக்கள் மரம் செதுக்குகிறார்கள். இலோகோஸ் பக்கம் பருத்தியில் இனாபெல் நெய்கிறார்கள். மின்டோரோ தீவில் இராயா மங்யான் மக்கள் நீத்தோ என்ற கொடியில் கூடை பின்னுகிறார்கள். நடுவில் உள்ள விசயாஸ் தீவுகளில் அன்னாசி நார்த் துணியும் கோரைப் பாயும். தெற்கே மின்டனாவிலும் அதைச் சேர்ந்த தீவுகளிலும் டிபோலி, மரனாவ், யாகான், தவ்சுக் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித் துணி, தனி வடிவம்.

இவை எல்லாம் தலைநகரின் ஒரே கடையில் ஒரே அலமாரியில் கலந்து கிடக்கும். 'பழங்குடித் துணி' என்று பொதுவாக எழுதி ஒட்டியிருந்தால் வாங்குவதற்கு முன் ஊர் பெயரைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் விற்பது பெரும்பாலும் இயந்திரத்தில் ஓடிய துணியாகவோ அச்சடித்த நகலாகவோதான் இருக்கும். எழுதுகிறவர்களுக்கும் இதே விதிதான். யாகான் துணியின் படத்தைப் போட்டு இஃபுகாவ் கதையைச் சொல்வது அந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் செய்யும் அநியாயம்.

தறியில் ஏறுவதற்கு முன் நடந்த வேலையை மறப்பது

விலையைக் கேட்டதும் 'ஒரு துணிக்கு இவ்வளவா?' என்று திகைப்பவர்கள், நெய்த நேரத்தை மட்டும் மனதில் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். உண்மையில் நெய்தல் என்பது கடைசிக் கட்டம். அக்லான் மாகாணத்தின் பின்யா துணியை எடுத்துக்கொள்வோம். அந்த மாகாணத்தின் தலைநகர் கலிபோவும் சுற்றியுள்ள ஊர்களும்தான் இந்தத் தொழிலின் மையம்.

பின்யா அன்னாசி இலையில் இருந்து வருவது. நல்ல நீள இலையை ஒரு பலகையில் கிடத்தி, உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் மேல்தோலைச் சுரண்டுவார்கள். முதலில் முரட்டு நார் வெளியே வரும். அதற்குக் கீழே இருக்கும் மெல்லிய நாருக்குத் தட்டு ஆகாது, அறுத்துவிடும். அதனால் தேங்காய்ச் சிரட்டையால் பக்குவமாகச் சுரண்டி எடுக்கிறார்கள். லினிவான் என்று பெயருள்ள அந்த நார் தலைமுடியை விட மெலிதாகத் தோன்றும். அதை அலசி, காய வைத்து, சிக்கெடுத்துப் பிரிக்க வேண்டும். அப்புறம்தான் பெரிய வேலையே இருக்கிறது. பருத்தி போல இதை ராட்டையில் நூற்க முடியாது. இலையின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் இழையின் நீளம். ஆகவே ஒவ்வொரு இழையின் நுனியையும் அடுத்த இழையோடு கையாலேயே முடிச்சுப் போட்டுக்கொண்டே போகிறார்கள். ஒரு சட்டைக்கான துணியில் இப்படி எத்தனை முடிச்சு விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த வேலையைப் பெரும்பாலும் வயதான பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்கிறார்கள். துணி அங்காடிக்கு வரும்போது நெய்தவர் பெயராவது சில சமயம் தெரிகிறது. முடிச்சுப் போட்டவர் பெயரை யாரும் கேட்பதே இல்லை.

நெய்த துணி அத்தோடு முடிவதும் இல்லை. லகூனா மாகாணத்தின் லும்பான், பத்தாங்காஸ் மாகாணத்தின் தால் ஆகிய ஊர்களின் பூத்தையல்காரர்கள் கைக்குப் போய், அங்கே வேலைப்பாடு ஏறிய பிறகுதான் ஆண்கள் விசேஷங்களுக்கு அணியும் பாரோங் தகாலோக் சட்டையாகிறது. ஒரு சட்டைக்குள் மூன்று நான்கு ஊர்களின் கூலி இருக்கிறது. அக்லானின் இந்தக் கைத்தறி நெசவை 2023 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இதனால்தான் மலிவு விலை 'பின்யா' என்றால் சந்தேகப்பட வேண்டும். விமான நிலையக் கடைகளில் அந்தப் பெயரோடு தொங்கும் சட்டைகளில் பாலியஸ்டர் நிறைய. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அசல் துணியில் இழை ஒரே சீராக இருக்காது, அங்கங்கே குட்டி முடிச்சுகள் தெரியும். ஓரத்தில் பிரிந்த நூல் கிடைத்தால் கொளுத்திப் பார்க்கலாம்: தாவர நார் காகிதம் போலக் கருகிச் சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணி போல இறுகும். ஒரு எச்சரிக்கை: பின்யாவோடு பட்டு கலந்து நெய்த பின்யா-செடா போலி ஆகாது. கலப்பைக் கலப்பு என்று சொல்லி விற்றால் அது நேர்மையான துணிதான், விலையும் கொஞ்சம் குறையும். துவைப்பது மட்டும் கையால், மெதுவாக.

அபகா விஷயத்தில் வேறு ஒரு குழப்பம் உண்டு. 'மணிலா சணல்' என்ற பழைய வணிகப் பெயரை நம்பி அதைச் சணல் செடி என்று எழுதிவிடுகிறார்கள். அபகா வாழை இனம். தண்டின் மட்டைகளில் இருந்து நார் உரிக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் மக்காது என்பதால் கப்பல் கயிறுகளுக்கு ஒரு காலத்தில் இதுதான். உலகச் சந்தைக்கு வரும் அபகாவில் பெரும்பகுதி இன்றும் பிலிப்பைன்ஸ் நார்தான். அந்த நாட்டின் காகித நோட்டுகளிலேயே 20 சதவீதம் அபகா உண்டு. 2022-ல் 1,000 பேசோ நோட்டை பாலிமரில் அச்சிடத் தொடங்கியபோது அபகா விவசாயிகள் கவலைப்பட்டதற்குக் காரணம் இதுதான். கைவினை என்றால் அலங்காரப் பொருள் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்த நார் எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2020 நவம்பரில் ரோலி புயல் கட்டாந்துவானேஸ் தீவில் அபகாத் தோட்டங்களைச் சாய்த்துவிட்டுப் போனபோது அடி விழுந்தது அந்தக் குடும்பங்களின் அடுப்பில்தான்.

எதையும் வெட்டித் தைக்கலாம் என்று நினைப்பது

தெற்கு கோத்தபாத்தோ மாகாணத்தின் லேக் செபு பகுதியில் டிபோலி பெண்கள் நெய்யும் டினாலக்கும் அபகாத் துணிதான். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை நெய்வதற்கு முன்பே வடிவத்துக்கு ஏற்றபடி அங்கங்கே இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி எடுப்பார்கள். கறுப்புக்குக் கருங்காலி இனத்து மரத்தின் இலை, சிவப்புக்கு நுணா இனத்து மரத்தின் வேர். கட்டிய இடம் நாரின் சொந்த வெளிர் நிறத்திலேயே நிற்கும். இடுப்பில் கட்டி நெய்யும் தறி. வெயில் ஏறினால் நார் அறுந்துவிடும் என்பதால் குளிர்ந்த வேளையில்தான் நெய்கிறார்கள். முடிந்த துணியைச் சோழியால் அழுத்தித் தேய்த்து மினுக்குவார்கள். ஒரு நீளத் துணிக்கு மாதக்கணக்கில் ஆகும்.

அபகாவுக்கு ஃபு டாலு என்ற காவல் ஆவி உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. வடிவங்கள் கனவில் அவள் வழியே வருகின்றன. தறியில் இருக்கும் துணியைத் தாண்டக் கூடாது. நெய்யும் காலத்தில் தாம்பத்தியத்தைத் தவிர்ப்பார்கள். திருமணத்தில் கைமாறும் துணி இது. பிரசவத்தின்போது தாய்க்குப் போர்த்துவதும் இதுதான். வெட்டினால் நோய் வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். விற்க வேண்டி வந்தால் ஆவியின் மனம் கோணாமல் இருக்கப் பித்தளை வளையம் ஒன்றைக் கட்டி அனுப்பும் வழக்கமும் உண்டு.

சரி, அப்படியென்றால் டினாலக் பணப்பையை வாங்கவே கூடாதா? வாங்கலாம். டிபோலி பெண்களே பிழைப்புக்காகப் பைகளும் பணப்பைகளும் தைத்து விற்கிறார்கள். எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்ற முடிவு அவர்கள் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெளியூர் வடிவமைப்பாளர் ஒருவர் முழுத் துணியை வாங்கிப்போய்க் காலணிக்கு மேல்தோலாக வெட்டுவதும், வடிவத்தைப் படம் பிடித்துப் பாலியஸ்டரில் அச்சடிப்பதும் வேறு கதை. பழங்குடி மக்களின் உரிமைகளுக்கான 1997-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுடைய பண்பாட்டுச் சொத்தை ஒப்புதல் இல்லாமல் எடுப்பதற்கு எதிராக நிற்கிறது. அச்சு நகலைக் கண்டுபிடிப்பது சுலபம். திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் வெளிறியிருக்கும். அசலில் சாயம் நூலிலேயே இருப்பதால் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். வடிவத்தின் ஓரங்களும் லேசாகக் கசிந்து நிற்கும்.

வடக்கு மலைகளிலும் இதே கவனம் தேவை. அங்கே சில போர்வைகள் இறந்தவர்களைப் போர்த்துவதற்கென்றே நெய்யப்படுபவை. அழகாக இருக்கிறது என்று அதில் மேல்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு திருமணத்துக்குப் போனால் பார்க்கிற மூத்தவர்களுக்கு எப்படி இருக்கும்? இஃபுகாவ் மக்களின் புலுல் என்னும் மரச்சிலைகள் நெற்களஞ்சியத்தின் காவலர்கள். சடங்கு செய்து, இரத்தம் பூசி, அரிசி மதுவோடு பிரதிஷ்டை செய்தவை. பழைய புலுல்தான் வேண்டும் என்று தேடுகிறவர்களால்தான் குடும்பச் சொத்துகள் களஞ்சியத்தை விட்டுக் காணாமல் போகின்றன. புகையூட்டிப் பழசாக்கிய போலிகளும் கிளம்புகின்றன. என் யோசனை: புதிதாகச் செதுக்கியதை, செதுக்கியவரிடமே வாங்குங்கள். பழமையான பண்பாட்டுப் பொருளை நாட்டை விட்டு எடுத்துப்போக அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மாறாமல் இருந்தால்தான் அசல் என்று அடம்பிடிப்பது

இலோகோஸ் நோர்த்தேயின் பினிலி ஊரைச் சேர்ந்த மக்டலேனா கமாயோ 1924-ல் பிறந்தவர். இனாபெல் நெசவுக்காக 2012-ல் அந்நாட்டின் மிக உயர்ந்த மரபுக் கலை விருது அவருக்குக் கிடைத்தது. 1992-ல் சட்டம் இயற்றி ஏற்படுத்திய விருது அது. முன்பு ஊரில் விளைந்த பருத்தியில் நூற்ற நூலில் நெய்தவர், பிறகு கடை நூலுக்கு மாறினார். அதனால் அவர் துணி குறைந்துவிட்டதா? பசிலான் தீவின் யாகான் மக்களில் ஒரு பகுதியினர் 1970-களின் சண்டைகளில் ஊரை விட்டு சம்போவாங்கா நகருக்கு வந்தார்கள். அங்கே இடுப்புத் துணிக்கும் தலைத்துணிக்கும் இருந்த வடிவங்களை மேசை விரிப்புகளில் நெய்து விற்று எழுந்து நின்றார்கள். கடைச் சாயத்தின் பளிச் நிறம் பிடிக்கவில்லை என்று முகம் சுளிக்கிறவர்கள் அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

வெளியில் இருந்து வந்ததைத் தனதாக்கிக்கொண்டே வளர்ந்த நாடு அது. அன்னாசியே ஸ்பானியர்கள் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து கொண்டுவந்த செடிதான். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் நம் சோழமண்டலக் கரையின் துணிகள் சென்னையில் கப்பலேறி மணிலாவுக்குப் போயின. அங்கிருந்து ஸ்பானியக் கப்பல்களில் மெக்சிகோவின் அகபுல்கோ வரையிலும் சென்றன.

கடலில் இருந்து எடுத்தவை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கப்பிஸ் சிப்பியில் செய்த விளக்குகள் பிலிப்பைன்ஸின் அடையாளம், அதை வாங்கலாம். பவளத்தில் செய்த நகை, ராட்சதச் சிப்பி இரண்டையும் தொடாதீர்கள். பவளம் எடுப்பதும் விற்பதும் அங்கே குற்றம். ராட்சதச் சிப்பி பன்னாட்டு ஒப்பந்தத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினம். விமான நிலையத்தில் பிடிபடுவதை விடப் பெரிய சேதம் அதற்கு முன்பே கடலடியில் நடந்திருக்கும்.

கனவைப் பேசிவிட்டுக் கூலியை விடுவது

டினாலக் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 'கனவு நெசவாளர்கள்' என்றுதான் தொடங்குகிறார்கள். அதில் பொய் இல்லை. கமாயோ பெற்ற அதே மரபுக் கலை விருதை 1998-ல் பெற்ற டிபோலி நெசவாளர் லாங் டுலாய் பன்னிரண்டு வயதில் தாயிடம் நெசவு கற்றவர், நூறு வடிவங்களுக்கு மேல் மனதிலேயே வைத்திருந்தவர், 2015-ல் மறைந்தார். ஆனால் எல்லா நெசவாளரும் கனவு காண்பவர்கள் இல்லை. தாய், பாட்டி கண்ட வடிவத்தைக் கற்றுக்கொண்டு நெய்பவர்கள் ஏராளம். அவர்கள் கைத்திறனும் சாதாரணமானதில்லை. கனவை மட்டுமே பேசினால் துணி வானத்தில் இருந்து விழுந்தது போல ஆகிவிடுகிறது. நார் உரித்த கணவர், சாயம் காய்ச்சிய அக்கா, பள்ளிக் கட்டணத்துக்காக இரவில் முடிச்சுப் போட்ட மகள் யாரும் கண்ணில் படுவதில்லை.

பலருக்கு இது விவசாயத்தோடு சேர்ந்த வேலை. நடவும் அறுப்பும் இல்லாத நாளில் தறி. வயலில் வருமானம் இல்லாத மாதத்தில் துணி விற்ற காசு. சமார் தீவின் பசேய் ஊரில் திகோக் என்ற கோரையில் பாய் முடைகிறார்கள். கோரை காய்ந்து முறியாமல் இருக்க ஈரமும் குளிர்ச்சியும் உள்ள சாவோப் குகைக்குள் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து முடைவது அந்த ஊர் வழக்கம். 2013 நவம்பர் 8 அன்று யோலாண்டா புயல் அந்தக் கரையைப் புரட்டிப் போட்டது. அதன் பிறகும் அவர்கள் பாய் முடையத்தான் திரும்பினார்கள். கையில் இருந்த தொழில் அதுதான்.

எனவே பேரம் பேசும் இடம் தெரிந்திருக்க வேண்டும். நகரச் சந்தைக் கடைக்காரரிடம் பேசுவது அங்கேயும் சகஜம். முடைந்தவரே எதிரில் உட்கார்ந்து விலை சொல்லும்போது அதைக் குறைக்கக் கேட்பது, அவர் வீட்டின் ஒரு நாள் செலவில் கை வைப்பது. இரக்கப்பட்டு வாங்கி அலமாரியில் போட்டு வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. பிடித்ததை வாங்குங்கள், பயன்படுத்துங்கள். மறுபடி வேண்டும் என்றால் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்திடமே கேளுங்கள்.

நீங்கள் கடை நடத்துகிறவர் என்றால் இன்னும் ஒன்று. பெரிய ஆர்டரைக் கொடுத்து அடுத்த மாதமே வேண்டும் என்று நெருக்காதீர்கள். நெருக்கினால் கடை நூலும் அவசரச் சாயமும்தான் வரும், குறையை நெய்தவர் தலையில் கட்டுவீர்கள். அறுவடைக் காலம் எப்போது என்று கேட்டுத் தேதி குறியுங்கள், நாருக்கும் சாயத்துக்கும் பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுங்கள். மீதியைத் துணி கைக்கு வந்த அன்றே அனுப்பிவிடுங்கள். அடுத்த பாவுக்கு நார் வாங்க அவர்களுக்கு அந்தப் பணம்தான் வேண்டும்.