முதல் .22 ரைஃபிள் வாங்கும்முன்

காசு கட்டுவதற்கு முன் லைசென்ஸ் வேலையை முடித்துவிடுங்கள். சென்னை மாநகரத்தில் விண்ணப்பம் போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

முதல் துப்பாக்கிக்கு போல்ட் ஆக்‌ஷன்தான் நல்லது. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை (தோட்டா அறையை மூடித் திறக்கும் உருளை) இழுப்பதால் அவசரம் குறையும், பிழை எங்கே என்று தெரியும். கடையில் தோளில் வைத்துப் பாருங்கள். கன்னம் கட்டையில் (தோளில் வைக்கும் பிடி) படிந்ததும் கண் தானாகவே சைட்டுக்கு, அதாவது குறி பார்க்கும் கருவிக்கு, நேராக வர வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் அந்தக் கட்டை உங்களுக்கு ஆகாது, விலை எவ்வளவு குறைந்தாலும் சரி.

தோட்டாவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வேகமான தோட்டா வேண்டாம். பறக்கும்போதே ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும் குண்டு அந்த இடத்தில் தடுமாறும். 50 மீட்டர் இலக்கில் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ.தான், அந்தத் தடுமாற்றமே புள்ளியைத் தின்றுவிடும். 40 கிரெய்ன் (குண்டின் எடை, சுமார் 2.6 கிராம்) ஸ்டாண்டர்ட் வெலாசிட்டியில், அதாவது ஒலியின் வேகத்துக்குக் கீழே பறக்கும் தோட்டாவில், மூன்று நான்கு வகை வாங்குங்கள். வகை மாற்றியதும் முதல் பத்துப் பதினைந்து குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிட்டு, பிறகு ஐந்தைந்தாகச் சுட்டு ஒப்பிடுங்கள். ஒரே ரக ரைஃபிள்கள் இரண்டுக்குக்கூட ஒரே தோட்டா ஒத்துவரும் என்று சொல்ல முடியாது.

துப்பாக்கியின் தோட்டா அறை காலியாக இருக்கும்போது ட்ரிகரை இழுத்துப் பழகாதீர்கள். .22 ரிம்ஃபயர் வகை, அதாவது சுடும் ஊசி தோட்டாவின் அடி விளிம்பில் அடிப்பது; தோட்டா இல்லையென்றால் பல மாடல்களில் அறையின் ஓரத்தையே நசுக்கும். வெடிமருந்து இல்லாத போலித் தோட்டா போட்டுப் பழகுங்கள்.

நம்ம ஊர் உப்புக்காற்றுக்கு, சுட்ட அன்றே வெளி இரும்பை எண்ணெய்த் துணியால் துடையுங்கள்.