இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு ஓர் உதை

என் பழைய ஆட்டோமேட்டிக் கார் 90,000 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு, இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போதெல்லாம் பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி ஒரு குலுக்கல், அதுவும் வண்டி நன்றாகச் சூடான பிறகுதான். முதலில் பார்த்த மெக்கானிக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்றார். பயந்துபோய் இன்னொருவரிடம் காட்டினேன்.

அவர் கியர்பாக்ஸ் ஆயிலின் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தார். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில், லேசான தீய்ந்த வாடையோடு இருந்தது. உள்ளே கியர்களை மாற்றிவிடும் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதே இந்த ஆயிலின் அழுத்தம்தான்; அது கெட்டால் ஒரு கிளட்ச் விடுவதும் அடுத்தது பிடிப்பதும் நேரம் தவறிவிடும், உதை அங்கிருந்துதான் வருகிறது. வெண்ணெய் மாதிரி ரொம்ப மெதுவாக மாறினாலும் சந்தோஷப்படக் கூடாதாம், தட்டு வழுக்கித் தேய்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். எனக்கு இது புதுச் செய்தி.

சரி, வடித்தோம். பாதிகூட வரவில்லை, மிச்சம் டார்க் கன்வர்ட்டருக்குள் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) தங்கிவிடுகிறது. அதனால் இரண்டு வாரம் ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்றினோம், கையேட்டில் போட்டிருந்த அதே வகை ஆயில். அப்புறம் ஸ்கேனரை மாட்டி, கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பழைய ஆயிலுக்கு ஏற்பக் கற்று வைத்திருந்ததை அழித்தார். முதல் இரண்டு நாள் இன்னும் மோசமாகக் குலுக்கியது, திட்டிக்கொண்டே ஓட்டினேன். மூன்றாம் நாள் சிக்னலில் கிளம்பி, மூன்றாவது விழுந்ததை, எஞ்சின் வேகம் காட்டும் டாக்கோமீட்டர் முள் இறங்கியதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.