நியூ ஆர்லியன்ஸில் படிக்கும்போது வளாகத்தோடும் ஊரோடும் ஒட்டிப் பழகுவது எப்படி?

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலுள்ள துலேன் பல்கலைக்கழகத்தில் சேரும் பலர் முதல் பருவம் முழுவதையும் விடுதி, வகுப்பறை, நூலகம் என்றே கழித்துவிட்டு, ஊரைச் சுற்றிப் பார்க்க யாராவது விருந்தாளி வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருக்க வேண்டாம். இந்த வளாகத்தின் மீது எனக்குள்ள பற்று அதன் கல் கட்டடங்களால் மட்டும் வந்ததன்று. வாசலைத் தாண்டியதுமே ஊர் தொடங்கிவிடுவதால் வந்தது.

முதலில் வடக்கு, தெற்கை மறந்துவிடுங்கள். ஊர் மிசிசிப்பி ஆற்றின் வளைவுக்கும் பான்சர்ட்ரெயின் ஏரிக்கும் இடையே அமைந்திருப்பதால், இங்குள்ளவர்கள் ஆற்றுப் பக்கம், ஏரிப் பக்கம், ஆற்றின் போக்கில் மேலே, கீழே என்றுதான் வழி சொல்வார்கள். வளாகத்தின் முகப்பில் 1894இல் கட்டிய கிப்சன் ஹால் என்ற கட்டடத்தின் படியில் செயின்ட் சார்ல்ஸ் அவென்யூவைப் பார்த்து நின்றால், எதிரே ஆடுபான் பூங்கா, அதற்கப்பால் ஆறு. முதுகுப் பக்கம் ஏரி. ஒரு மாலை பூங்காவின் ஓக் மரங்களுக்கிடையே நடந்து, விலங்குக் காட்சிசாலையைத் தாண்டி, மாணவர்கள் 'ஃப்ளை' என்று அழைக்கும் ஆற்றங்கரைப் புல்வெளிவரை போய்வந்தால் இந்தத் திசைக் கணக்கு மனத்தில் பதிந்துவிடும்.

அடுத்து, செயின்ட் சார்ல்ஸ் அவென்யூவில் ஓடும் டிராம். 1835இல் தொடங்கி, 1893இல் மின்சாரத்துக்கு மாறிய தடம் இது. இன்றும் 1920களின் பச்சை வண்டிகளே ஓடுகின்றன. கட்டணம் 1.25 டாலர், சரியான சில்லறையை எடுத்துச் செல்லுங்கள். குளிர்சாதன வசதி கிடையாது என்பதால் காலை வேளையே நல்லது. சன்னலை மேலே தள்ளிவிட்டு மர இருக்கையில் உட்கார்ந்தால், ஓக் கிளைகள் கைக்கெட்டும் தொலைவில் உரசிச் செல்லும். வண்டி திரும்ப இடமில்லாததால், கடைசி நிறுத்தத்தில் இருக்கைகளின் முதுகுப் பலகைகளை ஒவ்வொன்றாக மறுபுறம் தள்ளிப் போடுவார்கள். அதையும் ஒருமுறை இருந்து பாருங்கள்.

இசையைப் பொறுத்தவரை, மதுக்கூடங்கள் நிறைந்த போர்பன் தெருவுக்கு நேரே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வளாகத்திலேயே ஜோன்ஸ் ஹாலில் 1958இல் தொடங்கிய ஹோகன் ஆவணக் காப்பகம் இருக்கிறது; ஜாஸின் முதல் தலைமுறைக் கலைஞர்கள் தங்கள் வாயால் சொன்ன வரலாறுகள் அங்கே ஒலிப்பதிவாக உள்ளன. ஒரு பிற்பகல் அவற்றைக் கேட்டுவிட்டு, பிறகு 1961 முதல் நடந்துவரும் பிரிசர்வேஷன் ஹால் என்ற ஜாஸ் அரங்குக்குப் போங்கள். அங்கே மது விற்பதில்லை என்பதாலும் எல்லா வயதினரையும் அனுமதிப்பதாலும் 21 வயது நிரம்பாத மாணவர்களும் தயங்க வேண்டியதில்லை. முதலில் கதையையும் பிறகு வாத்தியத்தையும் கேட்கும்போது, டிரம்பெட்டுக்குக் கிளாரினெட் எப்படிப் பதில் சொல்கிறது என்பது காதுக்குத் தனியாகப் பிடிபடும்.

திங்கட்கிழமை ராஜ்மா வகையைச் சேர்ந்த சிவப்பு அவரைக்கொட்டையும் சோறும் சாப்பிடுவது ஊர் வழக்கம். துணி துவைக்கும் நாளில் சட்டி தானாக வெந்துகொண்டிருக்கட்டும் என்று வந்த பழக்கம் என்பார்கள். அதில் பன்றி இறைச்சி சேர்ப்பது இயல்பு. சைவம் உண்போர் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தவக்காலத்துக்கு முன் வரும் மார்டி கிரா திருவிழாவின் ஊர்வலங்கள் அவென்யூ வழியே போகும் நாள்களில் டிராம் தடைபடும் என்பதால் நடந்தே திரும்பத் தயாராக இருங்கள். ஊர்வல வண்டிகளிலிருந்து வீசும்போது எட்டிப் பிடித்த மணிமாலைகளை வளாகத்து மரத்தில் வீசி மாட்டுவது இங்குள்ள மாணவர் மரபு. சூன் முதல் நவம்பர்வரை புயல் பருவம். சான்றிதழ்கள், மருந்து, மின்னேற்றி ஆகியவற்றை ஒரே பையில் வைத்திருங்கள்.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் வந்தபோது பல்கலைக்கழகம் ஒரு பருவம் முழுவதும் மூடப்பட்டு, மாணவர்கள் வேறு ஊர்களின் கல்லூரிகளில் படித்துவிட்டு, 2006 சனவரியில் திரும்பி வந்தார்கள். அதன்பின் இளங்கலைப் பட்டம் பெற மக்கள் சேவை கட்டாயம் என்று விதி வந்தது. பலர் இந்தச் சேவைப் பாடத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். நீங்கள் முதலாண்டிலேயே எடுத்துவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கவோ வீடு பழுதுபார்க்கவோ போகும் தெருக்களில் அறிமுகமாகும் மனிதர்களோடு பழக, மீதி மூன்று ஆண்டுகளும் உங்கள் கையில் இருக்கும்.