1890 கணக்கெடுப்பு இல்லாமல் ஒரு தாத்தாவைக் கண்டுபிடித்தது

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், பூர்வீகம் தேடித் தரச் சொன்னார். 1900 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை எளிதாகப் போயிற்று. அவருடைய தாத்தா நெப்ராஸ்கா மாநிலத்தில் விவசாயி, பிறந்தது ஜெர்மனி. ஜெர்மனியில் எங்கே? அங்கேதான் நின்றுபோனது. 1890 கணக்கெடுப்பில் பார்க்கலாம் என்றால், 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு அதில் மிஞ்சியது சொற்பம்.

அப்புறம் நிலத்தின் வழியாகப் போனேன். குடியேறி உழுபவருக்கு அரசு நிலம் கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் வரை கேட்பவர் குடிமகனாகவோ, குடிமகனாக விரும்புவதாக அறிவித்தவராகவோ இருக்க வேண்டும். வெளிநாட்டில் பிறந்தவர் அதற்குச் சான்றும் காட்ட வேண்டும். அமெரிக்க மத்திய நில நிர்வாகத் துறையின் தளத்தில் பெயரையும் மாவட்டத்தையும் போட்டால் பட்டா எண் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த எண்ணை வைத்து தேசிய ஆவணக் காப்பகத்தில் கோப்பைக் கேட்டு வாங்கினேன்.

கோப்பு என்றால் கோப்பு! புல்மண் கட்டிகளால் கட்டிய வீடு, அதற்கு ஒரு கதவு, இரண்டு ஜன்னல், உழுத ஏக்கர், கிணறு, சாட்சி சொன்ன அண்டை வீட்டார் எல்லாம் அதில் இருந்தது. நடுவே குடியுரிமைத் தாள். வட ஜெர்மனியின் மெக்லன்பர்க்கை ஆண்ட பெருங்கோமகனுக்கான (கிராண்ட் டியூக்) விசுவாசத்தைத் துறப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். எந்த ஆட்சியாளர் என்று தெரிந்துவிட்டால் பகுதியும் தெரிந்த மாதிரிதான். அந்தப் பகுதியில் இருந்த மெக்லன்பர்க்-ஷ்வெரினின் 1867 கணக்கெடுப்பில் பெற்றோரோடு சிறுவனாக இருந்தார். குடும்பப் பெயரில் மட்டும் ஓரெழுத்து வேறு. தேடும்போது அதையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.