கேமன் தீவில் வேலை: போய் இறங்கித் தேடலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு

‘கரீபியனில் வேலை’ என்று தேடுவதே முதல் சறுக்கல். அங்கே தீவுக்குத் தீவு சட்டம் வேறு. பார்படாஸ் 2020-இல் கொண்டுவந்த ‘வெல்கம் ஸ்டாம்ப்’ விசாவை வேலை விசா என்று நினைப்பவர்கள் உண்டு. அது வெளிநாட்டு நிறுவனத்துக்கு லேப்டாப்பில் வேலை செய்பவர்களுக்கானது. உள்ளூரில் சம்பளத்துக்குச் சேர அதில் இடமில்லை. ஆகவே தீவை முதலில் முடிவு செய்யுங்கள். இங்கே பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட கரீபியன் தீவான கேமனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நிதி நிறுவனங்கள் குவிந்திருப்பதால் ஆடிட்டர்களுக்கு அங்கே கிராக்கி. பெங்களூருவின் நாராயணா மருத்துவமனைக் குழுமம் 2014-இல் அங்கே ஹெல்த் சிட்டி மருத்துவமனையைத் திறந்த பிறகு நம் நாட்டு மருத்துவர்களும் நர்ஸுகளும் போக ஆரம்பித்தார்கள்.

துபாய்க்கு விசிட் விசாவில் போய் வேலை தேடியவர்களின் கதையைக் கேட்டு, அதே கணக்கை இங்கேயும் போடுகிறார்கள். கேமனில் அது எடுபடாது. வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பது முதலாளி, நீங்கள் அல்ல. அவர் முதலில் உள்ளூரில் விளம்பரம் கொடுத்து, தகுதியான கேமன் குடிமக்கள் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். அதன் பிறகுதான் உங்கள் பெயர் அரசு மேசைக்குப் போகும். முதல் விண்ணப்பம் முடிவாகும்வரை பொதுவாக நீங்கள் தீவுக்கு வெளியே இருக்க வேண்டும். சுற்றுலாப் பயணியாகப் போய் ஓட்டலில் தங்கிச் செலவழிக்கும் பணம் பெரும்பாலும் வீண்தான். ஊரிலிருந்தபடியே நிறுவனங்களின் இணையதளத்தில் விண்ணப்பித்து, காணொளியில் நேர்காணல் முடிப்பதே நடைமுறை. நர்ஸாக இருந்தால் அந்நாட்டு மருத்துவப் பதிவும் வேண்டும். அதற்கான சான்றிதழ்களைத் திரட்டவே நாளாகும், முன்கூட்டியே தொடங்குங்கள்.

அனுமதியில் முதலாளியின் பெயரும் உங்கள் பதவியும் இருக்கும். கணக்கர் என்று அனுமதி வாங்கிவிட்டு, வார இறுதியில் நண்பரின் உணவகத்தில் கையுதவி செய்தால் அது குற்றம்.

பணம் கேட்பவர்களிடம் ஏமாறுவது அடுத்தது. அனுமதிக் கட்டணம் பதவியைப் பொறுத்து மாறும். பெரிய பதவிகளுக்குப் பல ஆயிரம் டாலர். அதைக் கட்ட வேண்டியது சட்டப்படி முதலாளிதான். ‘பர்மிட் ஃபீஸ் அனுப்புங்கள், ஆஃபர் லெட்டர் வரும்’ என்று கேட்கும் ஏஜென்ட்டிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. வெளிநாட்டு வேலைக்கான இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

சம்பளத்தைப் பார்த்தவுடன் மயங்க வேண்டாம். எந்த டாலர் என்று முதலில் கேளுங்கள். ஒரு கேமன் டாலர் 1.20 அமெரிக்க டாலர் என்று நிலையாகக் கட்டப்பட்டது. மாதம் 5,000 என்றால் ஆயிரம் டாலர் வித்தியாசம் வரும். வருமான வரி இல்லை என்பது உண்மை. ஆனால் அரசு தன் வருவாயை வேறு வழியில் எடுத்துக்கொள்கிறது: இறக்குமதியாகும் பெரும்பாலான பொருட்களுக்கு 22% சுங்கவரி. அரிசி பருப்பிலிருந்து ஃபிரிட்ஜ் வரை எல்லாமே கப்பலில் வருவதுதான், விலையில் தெரியும். வாடகையும் கடுமை. மருத்துவக் காப்பீட்டுக்கு முதலாளி ஏற்பாடு செய்ய வேண்டும், ஆனால் உங்கள் பிரீமியத்தில் பாதிவரை சம்பளத்திலிருந்து பிடிக்கலாம். மனைவி, பிள்ளைகளுக்கானதை முழுவதுமாகவே பிடிக்கலாம். வெளிநாட்டினரின் பிள்ளைகள் பெரும்பாலும் தனியார் பள்ளியில்தான் படிக்கிறார்கள். குடும்பத்தோடு போகிறவர் இந்த இரண்டையும் எழுத்தில் பேசி முடிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. தனியாகப் போகிறவருக்கு இதே சம்பளம் தாராளம்.

மலிவு என்று தீவின் கிழக்குப் பக்கம் வீடு பிடிப்பவர்கள் தலைநகர் ஜார்ஜ் டவுனுக்குக் காலைப் போக்குவரத்தில் நகர்ந்து வருவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மினிபஸ் உண்டு, ஆனாலும் கார் இல்லாமல் சிரமம். நம்மூர் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், அது ஒன்று ஆறுதல்.

எல்லாம் கைக்கு வந்தபின் டிக்கெட்டில் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். விமானங்களில் பெரும்பாலானவை மயாமி போன்ற அமெரிக்க நகரங்கள் வழியாகப் போகின்றன. அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கும் விசா வேண்டும், அதற்கு நேர்காணல் தேதி கிடைக்க மாதங்கள் ஆகலாம். லண்டனிலிருந்து கேமனுக்கு விமானம் உண்டு. அந்த வழிக்கும் பிரிட்டனின் இடைவழி விசா விதிகளைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். வேலையில் சேரும் தேதியை ஒப்புக்கொள்வதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்.